பெயரின்மையும் துணையின்மையும்: எமிலி மேரி ஆஸ்போர்னின் ஓவியத்தில் பெண் கலைஞர் நிலை

எமிலி மேரி ஆஸ்போர்ன் தீட்டிய 'பெயரற்றவள், துணையற்றவள்' என்னும் ஓவியம் 1857இல் லண்டன் ராயல் அகாதெமியில் காட்சிக்கு வைக்கப்பட்டது. துக்க உடையணிந்த இளம்பெண் ஒருத்தி, சிறுவன் ஒருவனுடன் ஓவிய வணிகரின் கடையில் நிற்கிறாள். அவள் கொண்டுவந்த ஓவியத்தை வணிகர் ஐயத்துடன் நோக்குகிறார். அருகில் நாற்காலி இருந்தும் அவள் அமர்த்தப்படவில்லை. நடனப் பெண்ணின் அச்சுப்படத்தைக் கையில் வைத்திருக்கும் ஆடவர், தலைநிமிர்ந்து அவளைப் பார்க்கின்றனர். படைப்பாளியாக வந்தவள் அங்கே பார்வைப் பொருளாகிறாள்.

இதனை ஆஸ்போர்னின் தன்வரலாறாகக் கொள்வது பொருந்தாது. விக்டோரியா அரசியே அவருடைய ஓவியங்களை வாங்கியுள்ளார். எனவே இவ்வோவியம் தனியொருத்தியின் வறுமைக்கு இரங்குவதோடு அமையவில்லை. பயிற்சியும் சந்தையும் ஆடவர் வசமிருந்த அமைப்பையே சுட்டுகிறது. 1768இல் அகாதெமியை நிறுவியோருள் ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்னும் பெண்கள் இருவர் இருந்தும், அதன் பயிற்சிப் பள்ளி பெண்களைச் சேர்க்கவில்லை. பள்ளியில் இடம் கோரி 1859இல் விண்ணப்பித்த பெண் கலைஞர்களுள் ஆஸ்போர்னும் ஒருவர். மறு ஆண்டு லாரா ஹெர்ஃபோர்டுக்கு இடம் கிடைத்தது. தம் வரைபடங்களில் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் அவர் இட்டிருந்தமையால், தேர்வாளர்கள் அவரை ஆண் எனக் கருதியே சேர்த்தனர். ஓவியத்தில் இழப்பாகக் காட்டப்பட்ட பெயரின்மை, மூன்றே ஆண்டுகளில் நுழைவுக்கான வழியாயிற்று.

ஆயினும் ஆடை களைந்த மாதிரியைக் கண்டு வரையும் பயிற்சி 1890கள் வரை பெண்களுக்கு மறுக்கப்பட்டது. பின்னரும் மாதிரியின் உடல் ஓரளவு மூடப்பட்ட நிலையிலேயே அது வழங்கப்பட்டது. உடலமைப்பறிவையே உயர்ந்த கலைக்கு அடிப்படையாகக் கொண்ட காலத்தில், பெண்ணின் திறன் குறைந்ததென்ற மதிப்பீடு, அத்திறன் வளரும் வழியை அடைத்தவர்களாலேயே வழங்கப்பட்டது என்பது நோக்கத்தக்கது.