நான்காம் வேற்றுமையா, ஏழாம் வேற்றுமையா?

அப்பா இறந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். வந்திருந்த ஊழியக்காரர் அம்மாவைப் பார்த்து, "எல்லாத்துக்காகவும் ஸ்தோத்திரம் சொல்லுங்கம்மா, இதுக்காகவும் சொல்லுங்க" என்றார். அம்மா வாய் திறக்கவில்லை. எனக்கும் வார்த்தை வரவில்லை. நன்றி கெட்டவர்களா நாங்கள்? அந்த உறுத்தலோடுதான் அவர் சொன்ன வசனத்தை (1 தெசலோனிக்கேயர் 5:18) எடுத்துப் பார்த்தேன்.

ஹென்றி பவர் குழுவினர் உழைப்பில் 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழியில் சபைகளில் இன்றும் வாசிக்கிற பாடத்தில், அங்கே இருப்பது 'எல்லாவற்றிலேயும்'. ஏழாம் வேற்றுமை. பிரசங்கத்தில் நாம் அதை நான்காம் வேற்றுமையாக்கி விடுகிறோம். ஓர் உருபுதானே என்று விட முடியவில்லை. துக்கத்துக்குள் இருந்துகொண்டு கடவுளைத் துதிப்பது ஒன்று. துக்கத்தையே வெகுமதியாக வாங்கிக்கொண்டு நன்றி சொல்வது முற்றிலும் வேறு. கிரேக்க மூலமும் 'எல்லாவற்றிலும்' என்றே சொல்கிறது. அந்தக் கடிதத்தைப் பெற்ற சபையும் இறந்துபோனவர்களை நினைத்துக் கலங்கியிருந்த சபைதான். நாலாம் அதிகாரத்தைப் படித்தால் தெரியும்.

எபேசியர் 5:20இல் நான்காம் வேற்றுமை வருகிறதே என்பார்கள். வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது சபையார் கூடிப் பாடுகிற இடம். இழவு வீட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு வருவது நியாயமில்லை.

1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'ஸ்தோத்திரம்' இருந்த இடத்தில் 'நன்றி' என்று போட்டது. நல்ல தமிழ்தான். ஆனால் குறளின் 11ஆம் அதிகாரத்தில் நன்றி என்றால் ஒருவர் செய்த நன்மை; அதை அறிவதுதான் நம் வேலை. நன்மை கண்ணுக்குத் தெரியாதபோது எதை அறிவது? லூக்கா 17இல் குஷ்டரோகம் நீங்கிய பத்துப் பேரில் ஒரு சமாரியன் மட்டும் திரும்பி வருகிறானே, அவனுக்கு 'நன்றி' அப்படியே பொருந்துகிறது. உடம்பில் கண்ட நன்மை அது. இரண்டு இடத்திலும் கிரேக்க வினை ஒன்றேதான், ஆகவே தமிழிலும் ஒன்றாக இருக்கட்டும் என்பது பண்டிதர் வாதம். எனக்கோ லூக்காவுக்குப் புதியதும் தெசலோனிக்கேயருக்குப் பழையதும் வேண்டியிருக்கிறது. 'ஸ்தோத்திரம்' தேய்ந்த சொல்தான்; எங்கள் ஆட்கள் போனை எடுத்தாலும் ஸ்தோத்திரம், வைத்தாலும் ஸ்தோத்திரம். இருந்தாலும் அது கொடுத்ததைப் பார்ப்பதில்லை, கொடுத்தவரைப் பார்க்கிறது. கை வெறுமையாக இருக்கும்போதும் அதைச் சொல்ல முடிகிறது.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் ஒன்றை என்னிடம் நீட்டினார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. 'எதற்காக' என்று கேட்டிருந்த கோட்டில் என்ன எழுத என்றேன்.

"அப்பாவோட இருந்த நாப்பத்தோரு வருஷத்துக்காகன்னு எழுதுப்பா."