மீட்டெடுத்துப் பார்க்காத பேக்கப்

அலுவலகத் தொலைபேசி அமைப்பு இன்று பல இடங்களில் ஆஸ்டெரிஸ்க் ஓடும் ஒரு சர்வர்தான். 1999இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய அந்த மென்பொருளை உலாவியிலிருந்தே நிர்வகிக்க உதவுவது ஃப்ரீபிபிஎக்ஸ். எக்ஸ்டென்ஷன், ரிங் குரூப், ஐ.வி.ஆர். குரல்பதிவு, விடுமுறை நாளில் அழைப்பு யாருக்குப் போக வேண்டும் என்ற ஏற்பாடு எல்லாம் வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. பெரும்பாலான அலுவலகங்களில் இவை வேறெங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை. ஆகவே இரவில் தானாக ஓடும் பேக்கப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஃப்ரீபிபிஎக்ஸின் 15ஆம் பதிப்பில் இந்த பேக்கப் முறையைப் புதிதாக எழுதினார்கள். இப்போது ஒவ்வொரு மாட்யூலும் தன் தரவைத் தானே எடுத்துக்கொடுத்து, மீட்கும்போது தானே திரும்ப வாங்கிக்கொள்கிறது. இதன் அருமை 2024இல் தெரிந்தது. அதுவரை அடித்தளமாக இருந்த ஆபரேட்டிங் சிஸ்டமான சென்டோஸ் 7க்கான ஆதரவு ஜூன் 30உடன் நின்றது. ஃப்ரீபிபிஎக்ஸ் 17 டெபியன் 12க்கு மாறியது. பழைய சர்வரில் பேக்கப் எடுத்து, புதிதாக நிறுவிய சர்வரில் மீட்டெடுத்தே பலர் இடம் மாறினார்கள். முழு இயந்திரத்தின் ஸ்னாப்ஷாட்டால் இது நடந்திருக்காது. அது பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் சேர்த்தே திரும்பக் கொண்டுவரும்.

குறை எங்கே என்றால், பேக்கப் முடிந்ததாக வரும் மின்னஞ்சலை நம்பி நிம்மதியாகிவிடுவதில். கோப்பு உருவானது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அந்தக் கோப்பு அதே சர்வரின் அதே டிஸ்க்கில் கிடந்தால், டிஸ்க் போகும் நாளில் அதுவும் போய்விடும். கையால் எழுதிய டயல்பிளான் கோப்புகளும் தனி ஸ்கிரிப்டுகளும் அதில் சேர்ந்தனவா என்பதையும் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

மீட்டெடுத்த பிறகுதான் உண்மையான சோதனை. புதிய சர்வருக்குப் பொது ஐபி முகவரி வேறாக இருக்கலாம்; அமைப்பிலோ பழைய முகவரி அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும். குரலை அந்தப் பழைய முகவரிக்கு அனுப்பும்படிதான் சர்வர் எதிர்முனைக்குச் சொல்லும். மணி அடிக்கும், எடுப்போம், நாம் பேசுவது வாடிக்கையாளருக்குக் கேட்கும், அவர் பேசுவது நமக்குக் கேட்காது. பிழைச் செய்தி ஒன்றும் வராது. வெளி அழைப்புகளைக் கொண்டுவரும் ட்ரங்க் இணைப்பைச் சேவை நிறுவனம் ஐபி பார்த்து அனுமதிக்கிறது என்றால் அழைப்பே நுழையாது. மேசையில் இருக்கும் போன்கள் பழைய முகவரியையே தேடிக்கொண்டிருக்கும். இவை எதையும் பேக்கப் கோப்பு சரிசெய்யாது.

அதனால் தனி இயந்திரம் ஒன்றில் அவ்வப்போது மீட்டெடுத்து, இரண்டு எக்ஸ்டென்ஷன்களுக்கு இடையே பேசிப் பார்ப்பதே சரி. ஒரே எச்சரிக்கை: அங்கே ட்ரங்க்கை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சோதனை சர்வரும் அதே கணக்கில் பதிவு செய்துகொண்டு, அலுவலகத்துக்கு வர வேண்டிய அழைப்புகளைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

பலர் கண்டுகொள்ளாத இன்னொன்றும் உண்டு. எக்ஸ்டென்ஷன் கடவுச்சொற்களும் வாய்ஸ்மெயில் பின்களும் அந்தக் கோப்பில் படிக்கும்படியே இருக்கின்றன. அது கைமாறினால், வெளியிலிருந்து எக்ஸ்டென்ஷன்களை அணுக முடிகிற அமைப்பில், யாரோ உங்கள் கணக்கில் இரவெல்லாம் வெளிநாட்டுக்கு அழைக்கலாம். பில் உங்களுக்கு வரும். பேக்கப்பை மின்னஞ்சலில் அனுப்பும் வசதியை அணைத்துவிட்டு, குறியாக்கம் செய்த தனிச் சேமிப்பகத்துக்கு எஸ்எஸ்ஹெச் வழியே அனுப்பச் சொல்வேன்.