நாணயத்தின் நாணயம்: ஸ்பானிய வெள்ளியும் கள்ளக் கம்பட்டமும்

1845இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் ஜான் லெனார்ட் ரிடெல். அந்த ஊர் அரசாங்க நாணயச்சாலையில் வெள்ளியை உருக்கிச் சுத்தம்செய்யும் பிரிவுக்குப் பொறுப்பாளர். ரசாயனம் கற்பித்தவர், தாவரவியலாளரும்கூட. புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் 'வெள்ளி டாலர் பற்றிய தனிநூல்: நல்லதும் கெட்டதும்' என்று சொல்லலாம். செடிகொடிகளை வகைப்படுத்திய அதே கண்ணால் அவர் காசுகளையும் பார்த்திருக்கிறார். நல்ல காசுக்கும் படம், கள்ளக்காசுக்கும் படம். எடை, வெள்ளியின் அளவு எல்லாம் இரண்டுக்கும் ஒரே மாதிரி குறிக்கப்படுகின்றன. நல்லது, கெட்டது என்ற அறநெறிச் சொற்கள் உலோகத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் இடம் இதுதான். நமக்கு இது புதிதல்ல. காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு புழங்குகிறவர்கள் நாம்.

அன்றைக்கு அமெரிக்காவில் நடமாடிய வெள்ளிப் பணத்தில் பெரும்பகுதி அமெரிக்காவினுடையதல்ல. மெக்சிகோ, லிமா, பொட்டோசி முதலான ஸ்பானியக் காலனிச் சாலைகளில் அடித்த எட்டு ரியால் காசும், 1821க்குப் பின் சுதந்திர மெக்சிகோ அடித்த காசும்தான் கடைகளிலும் வங்கிகளிலும் கைமாறின. 1857 வரை அவை அங்கே சட்டப்படி செல்லுபடியான பணம். இந்த எட்டு ரியால் காசு மணிலா வழியாகச் சீனாவுக்குப் போனது, ஐரோப்பா வழியாக இந்தியாவுக்கு வந்தது. உலகம் முழுக்க ஓடிய முதல் பணம் என்று இதைச் சொல்வதில் மிகை இல்லை. அப்படி ஓடும் ஒன்றுக்கு நகல் தோன்றாமல் இருக்குமா? தோன்றியது, ஏராளமாக. அசல் புழங்கிய காலத்திலேயே அதோடு கலந்து செலவழிப்பதற்காக அடிக்கப்பட்ட இந்தப் பழைய கள்ளக்காசுகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. சேகரிப்பவர்களை ஏமாற்ற இன்று தயாராகும் போலிகள் வேறு சங்கதி.

பழைய கள்ளக்காசை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் தராசு. 1728க்குப் பிந்தைய எட்டு ரியால் சுமார் 27 கிராம் இருக்க வேண்டும். குறுக்களவு 38 முதல் 40 மில்லிமீட்டர். செம்பு வெள்ளியைவிட லேசானது. செம்பை உள்ளே வைத்து வெள்ளித் தகடு போர்த்தியவனுக்கு இரண்டே வழி: எடை குறைய விடலாம், அல்லது காசைத் தடிமனாக்கலாம். ஈயம் சேர்த்து எடையைச் சரிக்கட்டலாம்தான், ஆனால் கல்லில் போட்டால் 'டொக்'கென்று ஒரு செத்த சத்தம் வரும். வார்ப்பில் செய்தது என்றால் மேற்பரப்பில் அம்மைத் தழும்பு மாதிரி நுண்குழிகள், விளிம்பில் அச்சு சேர்ந்த கோடு. தேர்ந்த கைக்கு இதெல்லாம் தொட்டவுடனே தெரிஞ்சிடும்.

தேர்ந்த கையையும் ஏமாற்றும் காசுகள் உண்டு. அங்கேதான் விளிம்புக்கு வருகிறோம். நம் சிறுபத்திரிகைகளில் 'விளிம்பு' என்ற சொல் கைமாறிக் கைமாறித் தேய்ந்துவிட்டது. இங்கே நான் சொல்வது உண்மையான, விரலால் தடவக்கூடிய விளிம்பு. 1772 முதல் அடித்த, அரசன் தலை பொறித்த காசுகளின் விளிம்பில் வட்டமும் செவ்வகமும் மாறிமாறி ஓடும். வெள்ளியைச் சுரண்டி எடுப்பதைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. முகத்தைப் பொறிக்கும் முன்பே, இரண்டு எஃகுச் சட்டங்களுக்கு நடுவில் வெறும் வில்லையை உருட்டி இந்த வேலைப்பாட்டைப் பதிப்பார்கள். ஒவ்வொரு சட்டமும் பாதிச் சுற்றளவுக்குப் பதியும். ஆகவே அசல் காசில் வேலைப்பாடு ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறிக் குழம்பும் இடங்கள் இரண்டு, எதிரெதிராக இருக்கும். கள்ளக் கம்பட்டக்காரன் முகத்தை நுணுக்கமாகச் செதுக்குவான். அரசனின் மூக்கு, மாலை, லத்தீன் எழுத்து எல்லாம் கச்சிதமாக வரும். விளிம்பில் கோட்டை விட்டுவிடுவான். அவனுக்குத் தெரிந்தது பொருளின் தோற்றம். அதைச் செய்த யந்திரம் அவன் கண்ணில் பட்டதேயில்லை.

2014இல் கார்டன் நிக்கல்ஸும் ராபர்ட் கர்னியும் எழுதிய பெரிய தொகுப்பு, இந்தக் கள்ளக் காசுகளை மட்டுமே பொருளாகக் கொண்டது. தலைப்பில் 'ரியால் அல்லாத ரியால்' என்று ஒரு சிலேடை வைத்திருக்கிறார்கள். ரிடெலில் தொடங்கிய இந்த மரபை மதிக்கிறேன். சுவடிப் பதிப்பாசிரியர்கள் பாடபேதம் பார்க்கும் அதே பொறுமை இதில் தெரிகிறது. எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு அந்தப் பொறுமையின் அருமை புரியும். ஆனால் அடையாளம் காட்டும் நூல்கள் எல்லாவற்றிலும், அசல் என்ற ஒன்று ஏற்கெனவே, ஐயத்துக்கு இடமின்றி, அங்கே இருக்கிறது என்ற நம்பிக்கை அடித்தளமாகக் கிடக்கிறது. அந்த அடித்தளத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காசின்மேல் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். எந்தச் சாலையில் அடித்தது என்பதற்கு ஒரு குறி; வெள்ளியின் மாற்றைச் சோதித்து உத்தரவாதம் தந்தவரின் முதலெழுத்துகள். இப்படிச் சோதிப்பவருக்குத் தமிழில் பழைய சொல் உண்டு: வண்ணக்கன். சங்கப் புலவர் பெயர்களிலேயே வண்ணக்கர்கள் இருக்கிறார்கள். மெக்சிகோக் காசில் 1796 என்று ஆண்டு இருந்தால் வண்ணக்கர் எழுத்து 'எஃப்.எம்.' என்று இருக்க வேண்டும். 'டி.எச்.' என்றிருந்தால் அது கள்ளம், ஏனென்றால் அவர்கள் எழுத்து வருவது 1803க்குப் பிறகுதான். தவறு இருக்கிறதா, போலி. நேரான விதி.

ஆனால் மூன்றாம் கார்லோஸ் 1788 டிசம்பரில் செத்துப்போனார். செய்தி கடல் தாண்டி வந்து சேர்ந்தது. புது அரசனின் முகம் வந்து சேரவில்லை. சாலைகள் நிற்க முடியாது. 1789, 1790 ஆண்டுகளில் செத்த அரசனின் முகத்தைப் போட்டு, சுற்றிலும் நான்காம் கார்லோஸ் என்று எழுதி அடித்தார்கள். பெயர் ஒருவருக்கு, முகம் இன்னொருவருக்கு. இது அசல்! 1808இல் ஏழாம் ஃபெர்டினாண்ட் பட்டத்துக்கு வந்தபோது கதை இன்னும் விசேஷம். மெக்சிகோவில் யாரும் பார்த்திராத அரசனுக்குக் கவசம் மாட்டி ஒரு கற்பனை முகத்தைச் செதுக்கி 1811 வரை ஓட்டினார்கள். லிமாவில் வேறொரு கற்பனை முகம். இவையும் அசல். 1772, 1773இல் மெக்சிகோவில் சாலைக்குறியும் வண்ணக்கர் எழுத்தும் தலைகீழாக விழுந்த காசுகள் உண்டு, அவையும் அசலே. ஆக, குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் உறவு அறுந்துபோனாலும் சாலையின் அதிகாரம் பின்னால் நின்றால் பிழை வெறும் 'வகை' ஆகிவிடுகிறது. அதே பிழை பட்டறையில் நடந்தால் குற்றம்.

முகம் போகட்டும், வெள்ளியாவது உண்மையா? 1728 ஏற்பாட்டின்படி ஆயிரத்துக்கு 916 பங்கு வெள்ளி. 1772இல் புது வடிவம் வந்தபோது அதை 903க்குக் குறைத்தார்கள். 1786இல் 896 ஆக்கினார்கள். இரண்டு முறையும் ரகசிய உத்தரவு. காசின்மேல் எதுவும் மாறவில்லை. அதே எட்டு ரியால், அதே லத்தீன், கீழே வண்ணக்கரின் அதே உத்தரவாத எழுத்து. வெள்ளியைக் குறைத்து முகமதிப்பைக் காப்பாற்றுவது கள்ளக் கம்பட்டக்காரனின் இலக்கணம் என்றால், அரண்மனை அந்த இலக்கணத்தில்தான் எழுதியிருக்கிறது. அளவு சிறிது என்று வாதிடலாம். எத்தனை கோடிக் காசுகளில் அந்தச் 'சிறிது' என்பதையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

இதே வேலையை அரசனுக்குச் சொல்லாமல் செய்தவர்கள் கதியைப் பொட்டோசியில் பார்க்கலாம். 1649இல் அங்கே பெரிய மோசடி வெளிப்பட்டது. நெஸ்தாரெஸ் மரின் என்ற விசாரணை அதிகாரி வந்து நோண்டியபோது, அரசாங்கச் சாலையிலேயே மாற்றுக் குறைந்த காசு அடிபட்டு வந்தது தெரிந்தது. வெள்ளி வியாபாரி கோமெஸ் தெ லா ரோச்சாவுக்கும் வண்ணக்கர் ராமிரெஸ் தெ அரெல்யானோவுக்கும் 1650இல் மரணதண்டனை. இங்கே உத்தரவாத எழுத்தே மோசடிக்காரனின் கையெழுத்து. பழைய காசுகளில் ஒரு பகுதிக்குக் கிரீட முத்திரை குத்தி, மதிப்பைக் குறைத்துப் புழங்கவிட்டார்கள். 1652இல் காசின் வடிவத்தையே மாற்றினார்கள்: அலைமேல் நிற்கும் இரண்டு தூண்கள். வடிவம் மாறியது, சுரங்கத்தில் எதுவும் மாறவில்லை. 1570களில் வைசிராய் தொலேதோ ஒழுங்குபடுத்திய 'மீத்தா' என்ற கட்டாய உழைப்பில், ஆண்டியப் பழங்குடி ஊர்களின் ஆண்களில் ஏழில் ஒருவர் முறைவைத்துச் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் போயாக வேண்டும். அது ஒழிந்தது 1812இல். இந்த வெள்ளி எத்தனை சுத்தம் என்று கேட்கும் எந்த உரைகல்லிலும் அந்த உழைப்பு கோடு விழுவதில்லை.

கடலின் இந்தப் பக்கம் இங்கிலாந்து. அங்கே அரசனின் காசைக் கள்ளமாக அடிப்பது ராஜத்துரோகம். அந்தக் குற்றத்துக்காக 1789 மார்ச்சில் லண்டன் நியூகேட் சிறைக்கு வெளியே கேத்தரின் மர்ஃபி என்ற பெண்ணைக் கழுத்தில் சுருக்கிட்டுக் கொன்று உடலைக் கம்பத்தில் கட்டி எரித்தார்கள். பெண்களை இப்படி எரிக்கும் தண்டனை மறு ஆண்டுதான் நீங்கியது. ஆனால் அந்நாட்டில் புழக்கத்தில் இல்லாத அந்நிய அரசனின் காசை அடிப்பது ராஜத்துரோகத்தில் சேராது. பர்மிங்ஹாம் பட்டறைகளில் வெள்ளி போர்த்திய செம்பில் ஸ்பானிய டாலர்கள் தயாராயின, கிழக்கு வியாபாரத்துக்காக. லண்டன் மாஜிஸ்திரேட் பாட்ரிக் கொல்குஹூன் 1790களில் எழுதிய போலீஸ் பற்றிய நூலில் நமக்கு உறைக்கும் ஒரு தகவல் இருக்கிறது. ஆற்காட்டு நட்சத்திர வராகனையும் லண்டனில் செம்பில் அடித்துத் தங்கமுலாம் பூசி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். செய்கூலியும் செம்பும் சேர்ந்து ஒன்றரைப் பென்னி. வராகன் போகும் விலை எட்டு ஷில்லிங். செங்கல்பட்டில் நெல் விற்றுக் காசு வாங்கியவன் கையில் அது வந்து சேர்ந்திருந்தால் அவன் எந்தக் கைநூலைப் புரட்டியிருப்பான்?

1797இல் வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது இங்கிலாந்து வங்கியே ஸ்பானிய டாலர்களை எடுத்து, கார்லோஸின் கழுத்தில் மூன்றாம் ஜார்ஜின் குட்டித் தலையை முத்திரை குத்தி 4 ஷில்லிங் 9 பென்ஸுக்கு விட்டது. உடனே முத்திரைக்கும் கள்ளம் வந்தது. அசல் காசில் கள்ள முத்திரை, கள்ளக்காசில் கள்ள முத்திரை என்று குழம்பிப்போய், 1804இல் போல்ட்டனின் யந்திரங்களில் காசு முழுவதையும் மறு அச்சு அடித்தார்கள். சென்னையில் கம்பெனி 1807 வாக்கில் செய்ததும் இதே. ஸ்பானிய டாலரின் மேலேயே கோபுரத்தைப் பொறித்து அரை வராகன் ஆக்கியது. சில காசுகளில் கோபுரத்துக்கு அடியில் லத்தீன் எழுத்து இன்னும் எட்டிப்பார்க்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வாசகர்கள் காண்டனில் இருந்தார்கள். அங்கே காசு சோதிப்பவரை வெள்ளைக்காரர்கள் 'ஷ்ராஃப்' என்றார்கள். நம் ஊர்ச் 'சராப்பு'தான் அது. அரபியில் கிளம்பி இந்தியா வழியாகப் போன சொல். (ஹாங்காங்கில் இன்றும் கட்டணம் வசூலிக்கும் சாளரத்துக்கு அந்தப் பெயர் உண்டு.) அவர் லத்தீன் படிக்கவில்லை. கார்லோஸ் யாரென்று அவருக்குக் கவலையில்லை. ஓசை, எடை, விரல்நுனி. நல்லதென்று தேறினால் வியாபாரி தன் சாப்பாவை, அதாவது தன் கடை முத்திரையை, அரசனின் கன்னத்திலேயே குத்துவார். ஆழமாகக் குத்தும்போது செம்பு உள்ளே இருந்தால் சிவப்பு தெரிந்துவிடும். அடுத்தவர் இன்னொரு சாப்பா. குத்திக் குத்திக் காசு கிண்ணம்போலக் குழிந்து, முகம் அழிந்து, கடைசியில் உடைந்து எடைக்குப் போகும். ஆசிரியனின் மரணம் பற்றி நாம் பாரிஸிலிருந்து தெரிந்துகொண்டோம். இங்கே ஒவ்வொரு வாசகனும் தன் பெயரைப் பணயம் வைத்துப் படித்திருக்கிறான். போலி என்று ஒரு எழுத்தை ஒதுக்கும்போது நாம் எதைப் பணயம் வைக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

அவர்களிடமும் முகத்தின் மயக்கம் இல்லாமலில்லை. மெக்சிகோ குடியரசான பிறகு வந்த கழுகுக் காசில் வெள்ளி குறையவில்லை. ஆனாலும் சீன வியாபாரிகள் பழைய கார்லோஸ் தலைக்குத்தான் அதிக விலை தந்தார்கள், 1850கள் வரை. ஆகவே நல்ல வெள்ளியிலேயே கார்லோஸ் தலையை அடிப்பது லாபமான தொழிலாயிற்று. வெள்ளி குறைந்த அசல் ஒருபுறம். வெள்ளி நிறைந்த கள்ளம் இன்னொருபுறம். ரிடெலின் 'நல்லதும் கெட்டதும்' இந்த இடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது.

இன்று எக்ஸ்-கதிர் கருவி வைத்துச் சில விநாடிகளில் உலோகக் கலவையைப் படிக்கிறார்கள். நிக்கல், செம்பு, துத்தநாகம் கலந்த வெள்ளை உலோகம் ஜெர்மனியில் தொழில்முறையில் தயாரானது 1820களில்தான். 1796 என்று ஆண்டு போட்ட காசில் அது இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து அடித்த காசு. மின்முலாம் என்றால் 1840க்குப் பிந்தியது. பழைய காலனி வெள்ளியில் பிரிக்காமல் விட்ட துளித் தங்கம் இருக்கும். மின்பகுப்பில் சுத்தமான பிற்கால வெள்ளியில் அது இராது. கருவி படிப்பது மேற்தோலை மட்டும் என்பதையும், பழைய காசின் மேற்தோலில் செம்பு அரித்துப்போய் வெள்ளி கூடுதலாகக் காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

பழைய கள்ளக்காசுக்கு இப்போது தனிச் சந்தை இருக்கிறது; சில வகைகள் அசலைவிட அதிக விலைக்குப் போகின்றன. பல காசுகளில் உளியால் வெட்டிப் பார்த்த தடம் இருக்கும். தராசும் கைநூலும் வங்கியிடமும் பெரிய வியாபாரியிடமும் இருந்தன. கூலியாக வாங்கியவரிடம் அவை இல்லை. யார் கையில் இருக்கும்போது உளி இறங்கியதோ, நஷ்டம் அவருடையது. விற்பனைப் பட்டியல்களில் அந்த வெட்டை 'சேதம்' என்று குறித்து விலையைக் குறைக்கிறார்கள்.