வேலைக்கு எடுப்பதும் வேலையில் வைத்திருப்பதும்

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். பணியாளர் பன்மைத்தன்மை என்று நிறுவனங்கள் இன்று பெருமையாகப் பேசுவதை எடைபோட, சென்னையை ஒட்டிய பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம்.

முதலில் நிறையைச் சொல்லவேண்டும். தொழிற்சாலைகளில் பெண்களுக்கு இரவுப்பணியைத் தடுத்த சட்டப்பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் செல்லாது என்றது. மூன்று ஷிப்டிலும் பெண்களை அமர்த்த அது வழிவிட்டது. பூந்தமல்லியை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் மின்னணு ஆலைகளுக்கு வட மாவட்டக் கிராமங்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். தன் பெயரில் வங்கிக் கணக்கு, மாதச் சம்பளம், கல்யாணப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிப்போடும் துணிச்சல் என்று அவர்கள் அடைந்தது சிறிதல்ல.

குறையும் அங்கேயேதான் இருக்கிறது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் மின்னணு ஆலைத் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழிகள் நெடுஞ்சாலையை மறித்த பிறகே விடுதிகளின் நிலை வெளியே தெரிந்தது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்தது அந்தப் போராட்டத்துக்குப் பிந்தைய முன்னேற்றம். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்புதான், அதே ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களில் 25 விழுக்காட்டினர் மணமானவர்கள் என்று நிறுவனம் மறுத்தது. எப்படியானாலும், ஒரே வயது, ஒரே குடும்பநிலை, ஒரே விடுதி என்று ஆள் திரட்டினால் அது பன்மை ஆகாது. ஆணுக்குப் பதில் பெண் என்ற வேறொரு ஒருமைதான்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையின் கதை வேறு. 1960-களிலிருந்து டாங்கி செய்யும் அந்தப் பொதுத்துறை ஆலைக்குள் எஸ்.சி., எஸ்.டி., பிற்படுத்தப்பட்டோர் நிரந்தர வேலை பெற்றது யாருடைய நல்லெண்ணத்தாலும் அல்ல, இடஒதுக்கீட்டால். ஆனால் ஒப்பந்ததாரர் அனுப்பும் ஆட்களுக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. தனியாரிடம் சாதிக் கணக்கை யாரும் கேட்பதுமில்லை. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்களிடம் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கேட்கும் ஆண்டறிக்கையில் பெண்கள், மாற்றுத்திறனாளிகள் எண்ணிக்கை உண்டு. பேறுகால விடுப்புக்குப்பின் எத்தனை பேர் திரும்பினார்கள் என்ற கேள்வியும் உண்டு. ஆனால் அந்தக் கேள்வி நிரந்தரப் பணியாளர்களோடு நின்றுவிடுகிறது. ஒப்பந்தப் பெண் விலகியது எந்தக் கட்டத்திலும் பதிவாகாது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிக்கல் இன்னொரு வகை. குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்று 2017-இல் வந்த விதி, 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தைத் தொடாது. பேட்டையில் பல பட்டறைகள் அந்த அளவுக்கு வளர்ந்தவையல்ல. கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு வேலையா வீடா என்பதே தேர்வு. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகம் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. தொழிற்பேட்டைக்கு ஒன்றிரண்டு காப்பகம் என்பது சிறுமுதலாளிகளுக்கும் தாங்கக்கூடிய செலவுதான்.

ஆக, பன்மைத்தன்மை நடைமுறை பெண்களுக்கு வாசலைத் திறந்தது உண்மை. அதன் தகுதியை அளக்க, இந்த ஆண்டு எத்தனை பெண்களைச் சேர்த்தார்கள் என்று கேட்பது போதாது. ஐந்து ஆண்டுக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் நிரந்தரமானார்கள், எத்தனை பேர் சூப்பர்வைசர் ஆனார்கள் என்று ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்துக் கேட்கவேண்டும். அதற்குப் பதில் சொல்லாத நிறுவனம் பன்மைத்தன்மை விருது வாங்கத் தகுதியற்றது.