ஃபிஸ்க் ஆம்லெட் போடும் காலை

'டேர்டெவில்' தொடர் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் அந்த நடைபாதைச் சண்டைக்குப் போய்விடுகிறார்கள். முதல் சீசன், இரண்டாவது எபிசோட், வெட்டே இல்லாததுபோல் ஓடும் ஒரே ஷாட். அடி வாங்கினவர்கள் மறுபடி மறுபடி எழுந்து வருகிறார்கள். நாயகன் மேட் மர்டாக் மூச்சு வாங்கிச் சுவரில் சாய்கிறார். நல்ல சண்டைதான். ஆனால் 2015-ல் வந்த அந்தப் பதின்மூன்று எபிசோடுகளில் இன்றுவரை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது எட்டாவதின் தொடக்கத்தை. வில்லன் வில்சன் ஃபிஸ்க் கெட்ட கனவிலிருந்து விழிக்கிறார், எழுந்துபோய் ஆம்லெட் போடுகிறார்.

பின்னணியில் பாக்கின் முதல் செல்லோ சூட். பேச்சே கிடையாது. அகலமான அந்தக் கை முட்டையை எடுக்கும் பதத்தைப் பாருங்கள். நான்கு எபிசோடுகளுக்கு முன்னால் ஒரு ரஷ்யனின் தலையைக் கார்க் கதவில் வைத்து அடித்து அடித்து நசுக்கிய அதே கை. இப்போது ஓட்டில் ஒரு தட்டு, மஞ்சள் கரு சிதறாமல் கிண்ணத்தில் விழுகிறது. கீரைபோல் ஏதோ பச்சையைப் பொடியாக நறுக்கித் தூவுகிறார். தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். பிறகு அலமாரி, ஒன்றுபோல் தொங்கும் கறுப்புக் கோட்டுகளில் ஒன்று. கஃப்லிங்க் தட்டிலிருந்து எப்போதும் எடுக்கும் அந்த ஜோடி, அப்பாவுடையது. கடைசியில் கண்ணாடி. அதில் நிற்பது அவர் இல்லை. ரத்தம் தெறித்த ஒரு பையன்.

ஃபிஸ்க்காக நடிக்கும் வின்சென்ட் டோனோஃப்ரியோ இந்தக் காட்சியில் முகத்தை வைத்து எதுவுமே செய்வதில்லை. தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, பெரிய உடம்பு இடத்தை அடைத்துக்கொள்கிறதே என்று கூச்சப்படுகிறவர்போல் நடக்கிறார். பேசும் காட்சிகளிலும் அப்படித்தான். வார்த்தைக்கு முன்னால் மூச்சு வரும், மூச்சுக்கும் வார்த்தைக்கும் நடுவில் தொண்டை அடைக்கும், விரல் போய்க் கஃப்லிங்கைத் தேடும். 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்'டில் குண்டுப் பையனாக வந்து நம்மைக் கலங்கடித்தவர் இவர்தான். அந்தப் பையன் பிழைத்து, வளர்ந்து, பணம் சேர்த்திருந்தால் இப்படித்தான் ஆகியிருப்பான் என்று எனக்குத் தோன்றும்.

என் நண்பர் ஒருவருக்கு ஹீத் லெட்ஜரின் ஜோக்கர்தான் உச்சம். காமிக்ஸ் வில்லன் திரையில் அதற்குமேல் வரமுடியாது என்பார். ஜோக்கரின் தழும்புக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கதை. அது சினிமாவுக்குப் பொருத்தமான தந்திரம். இரண்டரை மணி நேரத்தில் ஒரு மனிதனுக்குக் காலை உணவு கொடுக்க முடியாது, ஆகவே அவனை வேகத்தாலேயே செய்துவிடுகிறார்கள். தொடருக்கு இருக்கும் சொத்து நேரம். ஃபிஸ்க்கின் பெயரைச் சொல்லவே ஆட்கள் நடுங்குவதை இரண்டு எபிசோடுகள் காட்டி, மூன்றாவதின் கடைசியில்தான் ஆளை முழுசாகக் காட்டுகிறார்கள். அப்போதும் அவர் யாரையும் அடிக்கவில்லை. ஒரு கலைக்கூடத்தில், முழுக்க வெள்ளையாக இருக்கும் ஓவியத்தின் முன்னால் தனியாக நிற்கிறார். அந்த வெள்ளை எதைச் சேர்ந்தது என்று நமக்குத் தெரிய எட்டாவது எபிசோடு வரவேண்டும். அம்மாவை அப்பா அடிக்கும்போது, பார்த்துக்கொண்டிரு என்று அந்தப் பையனை உட்காரவைத்த சுவர் அது.

ஃபிஸ்க்கின் வெள்ளைக் கோட்டு எங்கே என்று கேட்ட காமிக்ஸ் ரசிகர்கள் உண்டு. 1967-ல் ஸ்பைடர்-மேனில் அறிமுகமான நாளிலிருந்து அது கிங்பின்னின், அதாவது ஃபிஸ்க்கின், அடையாளம். எண்பதுகளில் ஃப்ராங்க் மில்லர் அவரை டேர்டெவில் பக்கம் இழுத்து வந்தபோதும் மாறவில்லை. தொடர் அதை மூன்றாவது சீசன்வரை பதுக்கி வைத்தது. எனக்கு அதில் குறையே இல்லை. 1986-ல் பில் சின்கெவிச் வரைந்த கிங்பின்னைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பக்கம் முழுக்க உடம்பு, உச்சியில் சின்னதாக ஒரு தலை. அப்படி ஒரு உடம்பு எந்த நடிகருக்கும் கிடையாது. அந்தப் பாரத்தை டோனோஃப்ரியோ நடையிலும் மூச்சிலும் கொண்டுவந்தார். சித்திரத்துக்கு விசுவாசம் என்றால் எனக்கு அதுதான். துணியின் நிறம் பிறகு வரட்டும்.

சின்ன வயதில் முத்து காமிக்ஸை எங்கள் வீட்டில் அண்ணன்தான் முதலில் படிப்பார், பிறகு எனக்குப் படித்துக் காட்டுவார். இரும்புக்கை மாயாவியில் வசனமே இல்லாத கட்டம் வந்தால் அடுத்த கட்டத்தை உள்ளங்கையால் மூடிவிடுவார். "அவசரப்படாதடா, இதுலதான் இருக்கு" என்பார். மின்சாரம் பாய்ந்து ஆள் மறைந்த பிறகு, காற்றில் தனியாகத் தெரியும் அந்தக் கை. அதையே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும், அவர் கையை எடுக்கும்வரை. ஃபிஸ்க் முட்டை உடைக்கும்போது எனக்கு அந்த உள்ளங்கை ஞாபகம் வருகிறது.

இப்போது வரும் காமிக்ஸ் தொடர்களில் அந்த உள்ளங்கை இல்லை. ஆறு எபிசோடு, அதிலும் பாதி நேரம் அடுத்த படத்துக்கு வழி போடுவதில் போய்விடுகிறது. முந்தைய ஐந்து படங்களைப் பார்த்திருந்தால்தான் ஒரு ஆள் கதவைத் திறந்து வருவதன் அர்த்தம் புரியும். வந்தவர் யார் என்பதே அங்கே சம்பவம். வந்து என்ன செய்தார் என்பது யாருக்கும் கவலையில்லை. பதின்மூன்று எபிசோடுகள் நடுவில் தொய்கின்றன என்ற குற்றச்சாட்டு பழையது, அதில் நியாயமும் இருக்கிறது. 'டேர்டெவில்' இரண்டாம் சீசனில் ஜான் பெர்ந்தாலின் பனிஷர் கட்டி எழுப்பியதை நிஞ்ஜாக் கூட்டம் வந்து கலைத்ததைப் பார்த்து நானும் நொந்திருக்கிறேன். ஆனால் தொய்வுக்குப் பயந்து இடைவெளியையே வெட்டி எறிந்துவிட்டார்கள். 2025-ல் திரும்பி வந்த தொடரில் ஃபிஸ்க் நியூயார்க் மேயர். டோனோஃப்ரியோ அதே டோனோஃப்ரியோதான், அவருக்காகவே முழுவதும் பார்த்தேன். நிறையப் பேசவைத்திருக்கிறார்கள். பழைய ஃபிஸ்க் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினால் அறையில் இருப்பவர்களுக்கு வியர்க்கும்.

பழைய தொடரின் மூன்றாவது சீசனில் ஒரு காட்சி. வெள்ளை ஓவியம் வேறு கைக்குப் போயிருக்கிறது. ஃபிஸ்க் திரும்பக் கேட்கப் போகிறார். வீட்டில் இருப்பது ஒரு கிழவி. நாஜிகள் அவள் குடும்பத்திடமிருந்து பிடுங்கிக்கொண்ட ஓவியம் அது. அவள் பயப்படவில்லை. அவளுக்குத் தன் குடும்பத்தில் மிச்சம் இருப்பது அந்த வெள்ளை மட்டும்தான். ஊரையே விலைக்கு வாங்கிய மனிதர் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மறுத்துப் பேச வாய் வரவில்லை. ஓவியத்தை அவளிடமே விட்டுவிட்டு எழுந்து போகிறார்.