மகனாக வந்து திதி கொடுக்கும் அண்ணாமலையார்

திருவண்ணாமலையில் தைப்பூசத்தன்று ஈசான்யக் குளத்தில் தீர்த்தவாரி முடித்துத் திரும்பும் வழியில், வல்லாள மகாராஜா போரில் மாண்டார் என்ற செய்தி அண்ணாமலையாரிடம் சொல்லப்படும். மேளம் அப்படியே நின்றுவிடும். சத்தமில்லாமல் கோயிலுக்குத் திரும்புவார் சுவாமி. அடுத்து மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், கௌதம நதிக்கரையில் மகன் முறையில் திதி கொடுப்பார். பிள்ளையில்லாத ராஜாவுக்கு நானே பிள்ளை என்று வாக்குக் கொடுத்தாராம்.

தலைவர்களுக்கு நாள் ஒதுக்கும் எத்தனையோ முறைகளில் இதற்கு ஈடு நான் கண்டதில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் பிறந்தநாள் பிப்ரவரி 22. தொடர் விடுமுறை கிடைக்கட்டும் என்று 1971 முதல் அதை மூன்றாம் திங்கட்கிழமைக்கு மாற்றினார்கள். அந்தத் திங்கள் 22ஆம் தேதியில் வரவே வராது. சட்டத்தில் வாஷிங்டன் பெயர் இருந்தாலும், ஊர் வாயில் அது ‘அதிபர்கள் தினம்’ ஆகிவிட்டது. நாம் மட்டும் என்ன? காமராஜர் பிறந்தநாளான ஜூலை 15 ‘கல்வி வளர்ச்சி நாள்’ என்று 2006இல் சட்டம் வந்தது. காமராஜரின் பணி பெயரிலேயே இருக்கிறது, நல்லதுதான். ஆனால் காமராஜர் பெயர் அதில் இல்லை. திருவண்ணாமலையில் ஆளும் நிற்கிறார், உறவும் நிற்கிறது. சொந்தத் தகப்பனின் திதியை யாராவது வார இறுதிக்குத் தள்ளிவைப்பார்களா?

ஆனால் உறவு வந்த இடத்தில் வரலாறு நழுவிவிட்டது. வல்லாளர் என்பவர் ஹொய்சள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர். துவாரசமுத்திரம் கைவிட்டுப் போனபின் திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்டவர். 1342 வாக்கில் மதுரை சுல்தானிடம் தோற்றுச் சிறைப்பட்டார். அவர் தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக இபின் பதூதா எழுதுகிறார். நதிக்கரைச் சடங்கில் இந்தக் கோரத்தின் சாயல்கூட இல்லை. ஒருவகையில் அது நல்லதே. பழிவாங்கும் நாளாக அது மாறாமல் துக்க நாளாகவே நின்றது. ஆனால் கோயிலுக்குள் வல்லாள கோபுரத்தைக் கடப்பவர்களைக் கேட்டால் பக்தர், வள்ளல் என்பதற்குமேல் பேச்சு நகர்வதில்லை. கன்னட நாட்டு அரசர் என்றால் வியப்பாகப் பார்க்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வல்லாளருக்குப் பிள்ளை இருந்தார். தகப்பனுக்குப்பின் முடிசூடிய அவர்தான் விருபாட்ச வல்லாளர். அவரை ஒப்புக்கொண்டால், மாசி மகத்தன்று சுவாமிக்கு நதிக்கரையில் வேலை இல்லை.