இறக்கத்தில் ஏறும் பேட்டரி

மின்சாரக் காரில் நெடுந்தூரம் போவதன் ருசி மலை இறக்கத்தில்தான் இருக்கிறது. சென்னையிலிருந்து ஊட்டிக்குப் போகும் வழியில் சார்ஜருக்காகக் காத்திருப்பது, எண்பது சதவீதத்துக்கு மேல் அது மந்தமாவது, அதற்குள் ஒரு டீ குடிப்பது, எல்லாம் பழகிவிடும். மேட்டுப்பாளையம் தாண்டி ஏறும்போது பேட்டரி கரைகிற வேகம்தான் வயிற்றைக் கலக்கும்.

திரும்பும்போது கணக்கு மாறுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினால் போதும். சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது, மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்த இழுவையே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. 1,600 கிலோ வண்டி 1,000 மீட்டர் இறங்கினால் 4 யூனிட்டுக்கு மேல் ஆற்றல். முழுவதும் கைக்கு வராது. வருகிற பங்கே கணிசம். கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் கருகும் வாடையும் இல்லை.

ஒன்று மட்டும்: ஊட்டியிலேயே நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பக் கூடாது. நிறைந்த பேட்டரி எதையும் வாங்கிக்கொள்ளாது, பிரேக்கை மிதித்தே இறங்க வேண்டியதுதான்.

பர்லியாரில் பழம் வாங்க நிறுத்தும்போது, குன்னூரில் பார்த்ததைவிடச் சதவீதம் கூடியிருக்கும். பெட்ரோல் கார் மாமாவிடம் காட்டினால் மீட்டர் பழுது என்பார்.